கை போகாத இடத்து நட்டுகள்

நட்டு இறுக்குகிற தொழிலில் இருக்கிறவனுக்கு உலகத்திலுள்ள நட்டெல்லாம் இரண்டே வகைதான்: கை போகிற இடத்து நட்டு, கை போகாத இடத்து நட்டு. முதல் வகையை யாரும் இறுக்கிவிடலாம். இரண்டாவது வகைக்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

நான் இல்ஃபோர்ட்டில் வீட்டுக்குச் சூடும் சுடுதண்ணியும் தருகிற பொயிலர் திருத்துகிறவன். ஜேர்மனியில் பழகிய தொழில், லண்டனில் சோறு போடுகிறது. சிங்குக்குக் கீழே மல்லாந்து கிடந்து, கண்ணுக்குத் தெரியாத நட்டை விரல் நுனியால் தடவிப் பிடித்து, ஸ்பனரை வைக்கப் போகிற அந்தக் கணத்தில் மூக்கு அரிக்கிற துன்பத்தை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள். அப்படிப்பட்ட சக துன்பக்காரர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொஞ்சக் காலமாகச் சனிக்கிழமைகளில் நான் இறுக்கியது பொயிலர் நட்டு இல்லை, பிளேன் நட்டு. விளையாட்டுச் சாமான் என்று நினைக்கவேண்டாம். இரண்டு பேர் ஏறி இருந்து பறக்கக்கூடிய நிசமான பிளேன். அதில் பட்ட பாடுகளை நினைக்கச் சிரிப்பு வருகிறது. அந்தப் பாட்டைத் தந்த மனிதர்களை நினைக்க நன்றிதான் வருகிறது.

பொயிலருக்குப் பின்னால்

டொக்டர் முரளி மதுரைக்காரர். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டொக்டர். அவருடைய மனைவி காயத்ரி கண் டொக்டர். அவர்கள் வீட்டுப் பொயிலர் ஒழுகியது. முன்னர் அதைப் பூட்டிய புண்ணியவான் சுவரோடு ஒட்டி வைத்திருந்தபடியால், ஒழுகுகிற நட்டு பின்பக்கத்தில் ஒளிந்திருந்தது. நான் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினேன். டொக்டர் டோர்ச்சைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். டோர்ச் பிடிக்கிற வாடிக்கையாளர் பேசாமல் நிற்பது எவ்வளவு பெரிய விசயம் என்று தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்.

"கண்ணை ஏண்ணே மூடிக்கிட்டீங்க?" என்று பிறகு கேட்டார். "கண் திறந்திருந்தா விரலை வேலை செய்ய விடாது டொக்டர், நான் பாக்கிறன் நான் பாக்கிறன் எண்டு குறுக்க வரும்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே என்னைப் பின்பக்கத்துச் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கராஜின் கதவைத் தூக்கினார். உள்ளே இறக்கையில்லாத அலுமினிய உடம்பொன்று பளபளத்தது. நான் வள்ளம் என்று நினைத்தேன். பிளேன் என்றார். துண்டு துண்டாகப் பெட்டியில் வருமாம், வாங்குகிறவர்தான் பூட்டவேண்டுமாம், இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்து வந்து பார்ப்பாராம். இறக்கைகள் பக்கத்துக் கராஜில் கிடந்தன.

எங்கள் மகள் எடின்பரோவுக்கும் மகன் மன்செஸ்டருக்கும் படிக்கப் போய்விட்ட வருடம் அது. சனிக்கிழமைகளில் நானும் மனைவியும் ஆளுக்கொரு கதிரையில் இருந்து ஆளுக்கொரு போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் எனக்கு ஒரு கதவைத் திறந்துவிட்ட மனிதருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். அவர் கேட்டது இவ்வளவுதான்: "எஞ்சின், இறக்கையெல்லாம் நான் பாத்துக்கறேண்ணே. கை போகாத இடத்துக்கு மட்டும் நீங்க வாங்க."

காப்பு நூல்

பொயிலர் வேலையில் வாஷர் கைதவறினால் நிலத்தில் விழும். குனிந்து எடுக்கலாம். பிளேன் அப்படியில்லை, விழுங்கிவிடும். விழுங்கியதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த வேலைக்குப் போகவும் கூடாது. உள்ளே உருண்டு திரிகிற ஒரு சின்ன வாஷர் ஆகாயத்தில் வைத்து ஏதாவது கம்பியில் போய்ச் சிக்கினால் கதை முடிந்தது.

இரண்டு விரல் நுனி மட்டும் போகிற இடத்தில் வாஷரை எப்படிப் போல்ட்டில் கோர்ப்பது? நான் என் பழைய வித்தைப்படி கிறீஸைப் பூசி விரலில் ஒட்டினேன். டொக்டர் பதறிப்போனார். போல்ட்டின் புரியில் கிறீஸ் பட்டால் ஸ்பனர் காட்டுகிற இறுக்கம் ஒன்று, உண்மையான இறுக்கம் வேறொன்று என்றார். நான் விடாமல் வாதாடினேன். அவர் புத்தகத்தைத் திறந்து காட்டினார். நான் கிறீஸைத் துடைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை காயத்துக்குத் தையல் போடுகிற நூலில் கொஞ்சம் கொண்டுவந்தார். ஆப்பரேசன் நேரத்தில் தொண்டைக்குள் வைக்கிற துணிக்கு ஒரு வால் விட்டிருப்பார்களாம், உள்ளே மறந்துபோய் விடக்கூடாது என்று. அதே மாதிரி வாஷரில் நூலைக் கோர்த்து, உள்ளே தள்ளி, போல்ட்டில் ஏறியதும் நூலை உருவி எடுத்தார். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். தொழிலுக்கு வந்து இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு புதுவித்தை கிடைப்பது பெரிய கொடுப்பினை. இப்போது பொயிலருக்கும் அப்படித்தான் செய்கிறேன். ஈஸ்ட்ஹாமில் ஒரு அம்மா நான் நூல் கட்டுவதை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, இஞ்ச பொயிலருக்கும் காப்பு நூல் கட்டுறவையோ?"

வாலுக்குள் கச்சான்

ஒருநாள் அவசரத்தில் நூல் கட்டாமல் வேலை செய்தோம். வாஷர் விழுந்துவிட்டது. வால் பக்கமாக உருண்ட சத்தம் கேட்டது என்று டொக்டர் அடித்துச் சொன்னார். காந்தத்தைக் கம்பியில் கட்டி விட்டுப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. கடைசியில் இருவருமாக வாலைத் தூக்கிச் சுளகில் புடைப்பது மாதிரி மெல்ல ஆட்டினோம். உள்ளே 'கலகல' என்றது. எங்கள் முகத்தில் அப்படியொரு சந்தோசம். இன்னும் தூக்கினோம், உருண்டு வந்தது ஒரு வறுத்த கச்சான், டொக்டரின் பாசையில் கடலை.

எனக்குக் கோபம் வந்தால் தமிழும் ஜேர்மன் பாசையும் கலந்து வரும். பிளேனுக்குள் தலையை விட்டுக்கொண்டு மிக்சர் சாப்பிடுகிற மனிதரோடு எப்படி வேலை செய்வது என்று இரண்டு பாசையிலும் கத்தினேன். டொக்டர் சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றார். இருட்டும் வரைக்கும் தேடிவிட்டு நான் வீட்டுக்கு வந்து ஜேர்சியைக் கழற்றினேன். கைமடிப்புக்குள் இருந்து வாஷர் குசினி நிலத்தில் 'டிங்' என்று விழுந்தது. கத்தியது முழுவதும் திரும்பி வந்து என் காதிலேயே விழுந்த மாதிரி இருந்தது. டொக்டருக்குப் போன் எடுத்தேன். மனிதர் இன்னும் வாலுக்குக் கீழே படுத்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்க முதல் அவர் முந்திக்கொண்டார்: "கெடச்சுதே, அது போதும்ண்ணே. கடலை விசயத்த மட்டும் காயத்ரிகிட்ட சொல்லிடாதீங்க, நான் டயட்ல இருக்கேன்."

சரோவின் கண்ணாடி

என் மனைவி சரோ பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறாள். பிளேன் என்ற சொல்லே அவளுக்கு ஆகாது. மனிதர் பறக்கவேண்டுமென்றால் ஹீத்ரோவுக்குப் போகட்டும் என்பது அவள் கட்சி. நான் போவதைத் தடுத்ததில்லை, ஆனால் வாசலில் நின்று ஒரு பெருமூச்சு விடுவாள். அந்தப் பெருமூச்சு என்னோடு கராஜ் வரைக்கும் வரும்.

மறைவில் இருக்கிற நட்டைப் பார்க்கக் கம்பில் பூட்டிய கண்ணாடி தேவை. கடையில் விற்பது எங்களுக்குத் தோதான கோணத்தில் வளையவில்லை. அதனால் சரோவின் கைப்பையில் இருந்த வட்டக் கண்ணாடியை எடுத்து, பழைய கரண்டிக் காம்பில் ஒட்டி, காம்பை வளைத்துக் கொண்டுபோனேன். அருமையாக வேலை செய்தது. அவள் கண்ணாடியைத் தேடியபோதுதான் பிரச்சினை வந்தது. அந்த நேரம் பார்த்துக் குசினி அலுமாரிக் கதவும் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் திருகாணி மூலைக்குள் இருக்கிறது, கை போகாது என்று நான் நெடுங்காலமாகச் சொல்லி வந்தேன். இரண்டையும் சேர்த்து அவள் ஒரே வசனத்தில் முடித்தாள்: "ஊரான் பிளேனுக்குள்ள எல்லாம் உங்கட கை போகுது, எங்கட அலுமாரிக்குள்ள மட்டும் போகாது, என்ன?"

கீத்தின் சிவப்புக் கோடு

இன்ஸ்பெக்டரின் பெயர் கீத். பிளேன் திருத்துகிற வேலையிலிருந்து ஓய்வுபெற்ற வெள்ளைக்கார மனிதர். வந்ததும் இரண்டு கையையும் பொக்கெற்றுக்குள் விட்டுக்கொண்டு பிளேனை ஒருமுறை சுற்றி வருவார். அதற்குப் பிறகுதான் கையை வெளியே எடுப்பார், தேத்தண்ணிக்கு.

அவர் போட்ட சட்டம் ஒன்று. ஒரு நட்டை அளவாக இறுக்கியதும் அதன்மேல் பெயிண்டால் ஒரு சின்னக் கோடு போடவேண்டும். கோடு நட்டிலும் அது உட்கார்ந்திருக்கிற தகட்டிலும் சேர்ந்து விழவேண்டும். நட்டு பிறகு அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று, கோடு இல்லையென்றால் இன்னும் இல்லை. டொக்டர் வாங்கியது சிவப்புப் பெயிண்ட்.

கோடு இல்லாமல் கடைசிவரை கிடந்தவை இரண்டு நட்டுகள். பிளேனில் காலால் மிதிக்கிற இரண்டு பெடல்கள் உண்டு. நிலத்தில் ஓடும்போது பிளேனைத் திருப்புவது அவைதான். அந்தப் பெடல்களைத் தாங்குகிற இரும்பைப் பிடித்திருக்கிற நட்டுகள் அவை. இறங்கி ஓடுகிற நேரத்தில் அது கழன்றால் பிளேன் தன்பாட்டில் வேலிக்குள் போகும், உள்ளே இருக்கிறவர் உயிரோடு வெளியே வருவாரா என்று சொல்ல ஏலாது. டொக்டர் வரிசை மாறிப் பெற்றோல் குழாயை முதலில் பூட்டிவிட்டதால் அந்த மூலைக்குள் என் கை மணிக்கட்டோடு நின்றது. டொக்டரின் கை அவ்வளவுகூடப் போகவில்லை. ஸ்பனரை வெட்டினேன், வளைத்தேன், தோல் உரிந்ததுதான் மிச்சம். குழாய் பூட்ட முதல் விரலால் மட்டும் சுழற்றி விட்டிருந்ததை, கடைசியில் பார்த்துக்கொள்வோம் என்று அப்படியே வைத்தோம். கீத் எங்களைப் பார்த்துச் சொன்னார்: "உங்கள் இரண்டு பேரிலும் எனக்கு நல்ல நம்பிக்கை. ஆனால் நான் கையெழுத்துப் போடுவது கோட்டைப் பார்த்துத்தான்."

ஆயுத பூசை

ஒக்டோபர் வந்து முதல் குளிர் அடித்ததும் லண்டன் முழுவதும் ஒரே நாளில் ஹீற்றரைப் போடும். பாதி வீட்டில் அது வேலை செய்யாது. என் போன் ஓயாது. அதனால் சில சனிக்கிழமைகள் கராஜுக்குப் போக ஏலவில்லை. டொக்டர் தனியாக வேலை செய்தார்.

ஆயுத பூசைக்கு மட்டும் கட்டாயம் வரவேண்டும், அக்காவையும் கூட்டிக்கொண்டு வாங்க என்று டொக்டர் கேட்டார். காயத்ரிக்கு அன்றைக்கு ஷிப்ட். சந்தனம் குங்குமம் வைக்க வீட்டுப் பெண் ஒருவர் வேண்டுமாம். சரோ முதலில் முகத்தைச் சுளித்தாள். பூசை என்றபடியால் மறுக்கவும் மனம் வரவில்லை. கடலை அவித்து, அவல் குழைத்து, சேலை உடுத்து, அதன்மேல் குளிருக்குத் தடித்த ஜாக்கெற்றும் போட்டுக்கொண்டு வந்தாள். பிளேனைக் கண்டதும் "இவ்வளவு சின்னனோ!" என்றாள். பிறகு அதன் மூக்கைத் தடவினாள்.

கற்பூரத்தைப் பாதுகாப்புக்காகச் சந்தில் வைத்துக் கொளுத்தினோம். நானும் டொக்டரும் அங்கே நின்று காற்றோடு போராடிய நேரத்தில் சரோ உள்ளே ஜாக்கெற்றைக் கழற்றிப் போட்டுவிட்டு ஸ்பனர், துளைக்கிற மெசின், எஞ்சின் என்று ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பி வரும்போது காரில் அவள் முகம் தெளிவாக இருந்தது. இப்படி ஒரு சனிக்கிழமை எங்களுக்கு எவ்வளவோ காலமாக வாய்க்கவில்லை என்று நான் சொன்னேன். அவள் தன் சிவந்த விரல் நுனியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்டையும் விடேல்லை. மூலை முடுக்கில கிடந்ததுகளுக்கும் வைச்சிட்டன்."

பஞ்சில் வந்த சிவப்பு

அதற்கு அடுத்த முறை நான் கராஜுக்குப் போய்க் கண்ணாடியைப் பெடலுக்குப் பின்னால் விட்டுப் பார்த்தபோது, அந்த இரண்டு நட்டிலும் சிவப்புத் தெரிந்தது. கீறல் விழுந்த கண்ணாடியில் கோடா புள்ளியா என்று யார் பார்த்தது? அட, மனிதர் தனியாக நின்று முடித்துவிட்டாரே என்று எனக்குள் ஒரு மரியாதை. கொஞ்சம் பொறாமையும்தான். எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் என் தொழில் மானம் போய்விடும் என்று கேட்காமல் விட்டேன். டொக்டரும் அதே சிவப்பைப் பார்த்துவிட்டு, அண்ணன் சத்தமில்லாமல் முடித்திருக்கிறார், சொல்லிக்காட்டாத பெரிய மனசு என்று நினைத்தாராம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மனதுக்குள் பாராட்டிக்கொண்டு வாயைத் திறக்கவில்லை.

கடைசிப் பரிசோதனைக்குக் கீத் வந்தார். வழக்கம்போலப் பொக்கெற்றில் கை, ஒரு சுற்று, தேத்தண்ணி. பிறகு டோர்ச்சும் கண்ணாடியுமாகப் பெடலுக்குள் தலையை விட்டார். மேலே தூசி இருந்திருக்கவேண்டும். நீளக் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி அந்த நட்டைத் துடைத்தார். குச்சியை வெளியே எடுத்தபோது பஞ்சு சிவந்திருந்தது. காய்ந்த பெயிண்ட் பஞ்சில் வராது. அவர் அதை மோந்து பார்த்துவிட்டு எங்களிடம் நீட்டினார். கோயில் வாசம்.

டொக்டர் என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்கதான இறுக்குனீங்க?" என்றார். "நீங்கள் எண்டல்லோ நான் நினைச்சன்" என்றேன். விரலால் சுழற்றி விட்ட நட்டோடு இந்த மனிதர் ஏறிப் பறந்திருப்பார், நானும் கீழே நின்று கைதட்டியிருப்பேன். டொக்டர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துவிட்டார். பூசையைப் பற்றி நான் சொல்லிமுடிக்க, கீத் ஏசவில்லை, சிரிக்கவும் இல்லை. பஞ்சைக் கவனமாக ஒரு கடுதாசியில் சுற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "கோடில்லாத நட்டைக் கண்டு நிறையத் தடவை பயந்திருக்கிறேன். கோடிருக்கிற நட்டைக் கண்டு பயந்தது இன்றைக்குத்தான்."

வளையலைக் கழற்றி

சரோவிடம் இதை எப்படிச் சொல்வது? கார் ஓடுகிற நேரம் முழுவதும் அதைத்தான் யோசித்தேன். மறைத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் எந்தெந்த நட்டுக்கு அவள் பொட்டு வைத்தாள் என்று அவளைக் கேட்காமல் தெரியாது. சாப்பாட்டுக்கு முன் சொன்னேன். அவள் அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"எல்லாத்துக்கும் சிவப்பா வைச்சிருந்துது. அந்த மூலையில கிடந்த ரெண்டுக்கு மட்டும் ஒண்டுமில்லை. பாவமா இருந்துது, வைச்சனான். சந்தனம் பட்டாத் துருப்பிடிக்கும் எண்டு குங்குமத்தை மட்டும் குழைச்சு வைச்சன்" என்றாள். வேறு எங்கும் வைத்தாளா என்பது அவளுக்கு நினைவில்லை. பிறகு, "அந்த டொக்டர்ப் பிள்ளை விழுந்திருந்தா நான் காயத்ரியின்ர முகத்தில எப்பிடி முழிக்கிறது?" என்று கேட்டு அழுதாள். நான் சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். அவள் தொடவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த இரண்டு நட்டுக்கும் இவள் விரலால் பொட்டு வைத்திருக்கிறாள் என்றால், இவள் கை அங்கே போயிருக்கிறது!

அடுத்த சனிக்கிழமை நான் கூப்பிடவே இல்லை, அவளே முதலில் காரில் ஏறி இருந்தாள். பழைய ஜீன்ஸ், தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். கராஜில் வளையல்களைக் கழற்றி டொக்டரின் கையில் கொடுத்தாள். டொக்டர் அதைப் பூசைத் தட்டு மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார். சரோ கீழே படுத்து, பெற்றோல் குழாய்க்குப் பின்னால் கையை விட்டாள். மெலிந்த கை, குழாயைத் தொடாமல் வழுக்கிக்கொண்டு போனது. நான் கண்ணாடியைப் பிடித்தேன். "எடுங்கோ அதை, மறைக்குது" என்றாள். பார்த்தால் கண்ணை மூடியிருந்தாள்!

நான் வெட்டி வைத்திருந்த கட்டை ஸ்பனரால் அவள் நட்டைப் பிடிக்க, மறுபக்கத்தில் போல்ட்டின் தலையை அளவு காட்டுகிற ஸ்பனரால் நான் திருப்பினேன். "பிடிச்சிட்டன், திருப்புங்கோ." திருப்பினேன். "வழுக்குது, பொறுங்கோ." பொறுத்தேன். எங்கள் கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் சண்டையில்லாமல் செய்த மிக நீண்ட வேலை அதுதான் என்று நினைக்கிறேன். 'டிக்' என்று ஸ்பனர் சொன்னது. இரண்டாவதும் 'டிக்.' டொக்டருக்குக் கண் கலங்கிவிட்டது, எனக்கும்தான்.

பிறகு பிளேனில் உள்ள சிவப்பு முழுவதையும் துடைத்து, ஒவ்வொரு நட்டையும் மறுபடி பார்த்து, நீலப் பெயிண்டில் கோடு போட்டோம். குளிர்காலம் முழுவதும் அதற்கே சரியாகப் போனது. சனிக்கிழமை தவறாமல் சரோவும் வந்தாள். அந்த இரண்டு நட்டையும் இறுக்கிய முதல்நாள், படுத்த இடத்திலிருந்து எழும்பி, கையைத் துடைத்து, வளையலைப் போட்டுக்கொண்டே அவள் எங்களைக் கேட்டது இது: "இறுக்க ஏலாமக் கிடக்கெண்டு அண்டைக்கே சொல்லியிருந்தா, பொட்டோட சேத்து இறுக்கியும் விட்டிருப்பன்தானே?"

புல்லில் ஓடி

வசந்தம் வந்ததும் இறக்கையையும் உடம்பையும் லொறியில் ஏற்றி எசெக்ஸ் பக்கத்தில் ஒரு புல்வெளி ஓடுதளத்துக்குக் கொண்டுபோனோம். கீத் கையெழுத்துப் போட்டார். முதல் பறப்புக்கு வேறொரு அனுபவசாலியை வைக்கலாமா என்று பேச்சு வந்தது. டொக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் பறக்கத் தெரிந்தவர்தான். நானும் சரோவும் காயத்ரியும் வேலியோரம் நின்றோம்.

காயத்ரி, யாராவது பிளேன் பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர். கராஜ் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை. குங்குமக் கதை முழுவதும் அவருக்குத் தெரியும், டொக்டர் ஒன்றையும் மறைக்கவில்லை. எஞ்சின் முழங்கத் தொடங்கியதும் அவர் சரோவின் கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். "அக்கா, நீங்க இறுக்குனது கழலாது இல்ல?" என்றார். சரோ என்னைப் பார்க்கவில்லை, கீத்தைப் பார்க்கவில்லை. "கழராதம்மா. நான் பிடிச்சிருந்தனான்" என்றாள்.

பிளேன் புல்லில் ஓடி, ஒருமுறை துள்ளி, எழும்பியது. சரோ கண்ணை மூடிக்கொண்டாள். அது திரும்பி வந்து எங்கள் தலைக்கு மேலால் வட்டம் போட்ட நேரமெல்லாம் அவள் உதடு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஏறுவது பயமில்லை, இறங்குவதுதான். சில்லு நிலத்தில் பட்டதும் பக்கக் காற்று ஒன்று அடித்தது. பிளேனின் மூக்கு வேலிப்பக்கம், எங்கள் பக்கம் திரும்பியது. காயத்ரி "ஐயோ" என்றார். அந்த நேரம் டொக்டரின் கால் பெடலை மிதித்திருக்கவேண்டும். மூக்கு நேராகியது. பிளேன் நல்ல பிள்ளை மாதிரி ஓடி வந்து நின்றது.

காயத்ரி ஓடிப்போனார். அவர்களைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டுத்தான் நாங்கள் கிட்டப் போனோம். டொக்டருக்கு முகமெல்லாம் வியர்வை. என் கையைப் பிடித்துக் குலுக்கினார், கீத்தைக் கட்டிப்பிடித்தார். பிறகு சரோவின் முன்னால் வந்து நின்றார். மயக்க மருந்து கொடுக்கிறவர், ஆயிரம் பேருக்குப் பயப்படாதீங்க என்று சொல்லிப் பழகியவர், தன் காலைத் தட்டிக் காட்டினார். பிறகு சொன்னார்: "முழு பலத்தோட மிதிச்சேங்கா. பெடல் கல்லு மாதிரி நின்னுச்சு."

இத்தனை நன்மையிலும் எனக்கு வந்த ஒரே நட்டம், குசினி அலுமாரிக்குக் 'கை போகாது' என்று இவ்வளவு காலமும் நான் சொல்லிவந்த சாட்டு இனி எங்கள் வீட்டில் எடுபடாது என்பதுதான்.